தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கீழ்ப்பாறை
28-1-2024

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

பெனிட்டோ எழுதுகிறேன். உடம்பு தேவலை. சளி விட்டுவிட்டது, இருமல்தான் பாக்கி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்குச் சர்க்கரை இறங்கியதா, இல்லை, இன்னும் கம்பெனி கேன்டீனில் திருட்டுத்தனமாக ஜாங்கிரி தின்கிறாரா?

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று முறைக்காதே. இங்கே டவர் கிடைக்க மலைப்பாறை மேல் ஏற வேண்டும். ஏறி, மூச்சு வாங்கிப் பேசினால், போன தடவை மாதிரி நீ கத்த, நான் கத்த, கடைசியில் பேச்சு என் கல்யாணத்தில் போய் நிற்கும். கடிதத்தில் நீ திட்டினால் பாதியில் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த கையோடு செங்கல் சூளை லாரி வந்து எங்கள் காலனியில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முன்பணம் வாங்கியவர்கள் போய்த்தான் தீர வேண்டும். ஜூன் வரை திரும்ப மாட்டார்கள். நான் மூன்று வருடமாக ‘ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பூட்டின வீடுகளைப் பார்த்தால் அந்தப் போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்கலாம் போலிருக்கிறது. இந்த வேலையில் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் நிற்கும் அக்கா. ஆட்டைக் கொடுத்துத் தண்ணீர் கொடுக்காவிட்டால் ஆடு சாகும். வீட்டைக் கட்டிக் கொடுத்துப் பிழைப்புக்கு வழி பண்ணாவிட்டால் வீட்டுக்குப் பூட்டுதான்.

போனவர்களில் அஜித்குமார், ரேவதி என்று ஒரு சின்னஞ்சிறு ஜோடி. பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது ரோஷினி, மூன்றரை வயது. அவர்கள் இருக்கும் சூளை பூந்தமல்லி தாண்டித்தான் இருக்கிறது. சேக்காட்டிலிருந்து உனக்கு என்ன தூரம்? ஒரே பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. ஜூலையில் வீடு, ஆடு யாருக்கு என்று முடிவு பண்ணும் கூட்டத்தின்போது பிள்ளையோடு குடும்பமாக ஊரில் இருந்தால் அவனுக்கு வீடும் ஆடும் உண்டு, அடுத்த வருடம் லாரி ஏற வேண்டியதில்லை என்று சொல்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் தம்பி,
பெனிட்டோ


சேக்காடு, ஆவடி
12-2-2024

அன்புத் தம்பி பெனிட்டோவுக்கு,

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். முழங்கால் அப்படியேதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைக்கு நூல் வெட்டினால் கால் என்ன, பூவாகவா இருக்கும்? உன் மச்சானுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வாய் மட்டும் ஏறியிருக்கிறது. நீ இருமலுக்கு மிளகுக் கஷாயம் குடி. பீடி கீடி பிடிக்கிறாயா? மலையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதே.

போனேன். ஒரே பஸ் என்று எழுதிவிட்டாய். இறங்கி எவ்வளவு நடை என்று எழுதினாயா? வெயிலில் மண்டை காய்ந்து போய்ச் சேர்ந்தால் வாசலில் ஒரு மேஸ்திரி, “இன்னாம்மா, யாரு வோணும்? சொந்தமா?” என்றான். “ஆமா, சொந்தந்தான்” என்று ஒரு போடு போட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

தகரக் கொட்டகை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அந்தப் பெண் ரேவதிக்கு என் பாதி வயதுகூட இருக்காது, கையெல்லாம் மண் வெடிப்பு. அஜித்குமாரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினான். நம்பின மாதிரித் தெரியவில்லை.

பிள்ளை இருக்கிறதே, அது ஒரு வாலு. இமையெல்லாம் செங்கல் தூசி, மூக்கு ஒழுகிக்கொண்டு வந்து நின்றது. பிஸ்கெட் கொடுத்தேன். தின்றுவிட்டு “இன்னோண்ணு” என்றது. கொடுத்தேன். “இன்னோண்ணு.” பாக்கெட் காலி. அப்புறம் என் பையைத் திறந்து அதுவே தேடிப் பார்த்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறும் போகிறேன். நீ சொல்கிறாய் என்பதற்காகத்தான்.

அக்கா,
ரோஸி


கீழ்ப்பாறை
25-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கஷாயம் குடித்தேன், இருமல் அடங்கியது. பீடி இல்லை, சத்தியமாக. மச்சானைக் காலையில் நடக்கச் சொல்.

இங்கே குளம் வெட்டுகிறோம். ஆளுயரத்துக்குக் கீழே பாறை வந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வர வேண்டும் என்று பேச்சு. பாதி வீட்டில் ஆளே இல்லாதபோது யார் வருவது? பெண்கள் குழுத் தலைவி வேம்புலியம்மாள் மட்டும் மருமகள்களை விரட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். “குளம் வெட்டாம உனக்கு சோறு கெடையாது தம்பி” என்று என்னையே மிரட்டுகிறார்.

நீ போய்ப் பார்ப்பது பெரிய உபகாரம். ஆனால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பை நிறைய வாங்கிக்கொண்டு போகாதே. குழந்தை எதிர்பார்க்கப் பழகிவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை, உனக்காகத்தான் சொல்கிறேன்.

பெனிட்டோ


சேக்காடு
25-3-2024

அன்புத் தம்பிக்கு,

நேற்று குருத்து ஞாயிறு. பூசையில் உன்னை நினைத்துக்கொண்டேன். நாங்கள் சுகம். நீ சுகமா? எனக்கு மூட்டு வலிகூட இரண்டு வாரமாகத் தெரியவில்லை. நேரம் இல்லை, அதனால் இருக்கும்.

ரோஷினிக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டது. நான் போன அன்று கண்ணே திறக்கவில்லை. மேஸ்திரி “எல்லாக் கொயந்தைக்கும்தான் சொரம் வர்து, இன்னா இப்ப?” என்றான். “உன் கொயந்தைக்கு வந்தா இப்பிடித்தான் நின்னுகினு பேசுவியா?” என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நான்கு நாள் அட்மிஷன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே இருந்தேன். டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தத் தகரக் கொட்டகைக்கு எப்படி அனுப்புவது? நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கேள், ஒரு வேடிக்கை. ரேவதி ஒரு முறத்தோடு வந்தாள். பிள்ளையைத் தூக்கி முறத்தில் உட்கார வைத்து என் முன்னால் நீட்டி, “எக்கா, இத நீ வாங்கிக்க. ஒரு புடி தவுடு குடு, போதும்” என்றாள். தவிட்டுக்கு நான் எங்கே போவேன்? பால்காரர் வீட்டில் போய் மாட்டுக்கு வைத்திருந்ததில் ஒரு பிடி வாங்கிவந்து கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, “இனிமே இது உன் பொண்ணு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உன் மச்சான் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், “இன்னா ரோஸி, ஊட்ல கொயந்த சத்தம் கேக்குது?” என்றார். சொன்னேன். “தவுட்டுக்கா? அட, தக்காளி கூட இம்மாம் சல்லிசா கெடைக்காதே” என்று சிரித்தார். அப்புறம் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவ்வளவுதான் விசேஷம்.

ரோஸி


கீழ்ப்பாறை
7-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. பாப்பாவுக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா? நீயும் தூக்கம் கெட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தவிடு விஷயம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை தங்காத வீட்டில் இப்படிச் செய்வார்கள். பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவானாம். கொஞ்ச நாளில் பிள்ளை பெற்றவளிடமே வந்துவிடும். இது ஒரு சடங்கு, அக்கா. உனக்கே புரிந்திருக்கும். உடம்பு தேறியதும் கொண்டுபோய் விட்டுவிடு.

பாறையை உடைத்துவிட்டோம். கோடை மழை ஒன்று பெய்தால் குளத்தில் தண்ணீர் நிற்கும். உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

பெனிட்டோ


கீழ்ப்பாறை
16-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? பாறை மேல் ஏறிப் போன் போட்டேன். மச்சான் எடுத்து, “ரோஸி குளிக்கிறா” என்றார். மறுநாள் போட்டேன். அப்போதும் குளிக்கிறாய். எவ்வளவு நேரந்தான் குளிப்பாய்?

அஜித்குமாரும் ரேவதியும் போன வாரம் வந்துவிட்டார்கள். பிள்ளை வரவில்லை. கேட்டேன். ரேவதி, “அக்கா ஊட்ல கீது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை இருபத்தொன்று கூட்டம். என்ன நடந்தது என்று எழுது.

பெனிட்டோ


சேக்காடு
24-6-2024

தம்பி பெனிட்டோவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதை எழுத பயமாக இருந்தது, அதனால் எழுதவில்லை.

ரோஷினியைப் பக்கத்துப் பள்ளியில் எல்கேஜி சேர்த்துவிட்டேன். நீலக் கட்டம் போட்ட பாவாடை, கழுத்தில் ஐடி கார்டு. என்னை ‘ரோசிம்மா’ என்கிறது. ஆவடி பாஷை ஒட்டிக்கொண்டுவிட்டது. “ரோசிம்மா, கதவ சாத்து, கொசு வர்துபா” என்று அதட்டுகிறது. தூங்கும்போது உன் மச்சான் வயிற்றின் மேல்தான் காலைப் போட வேண்டும். அந்த மனிதர் புரளாமல் கிடக்கிறார். ஜாங்கிரியை நிறுத்திவிட்டார், கேட்டாயா? பதினான்கு வருடம் நான் கெஞ்சி நடக்காதது. “கொயந்தய வளக்கணும்ல” என்கிறார்.

சூளை முடிந்து ஊருக்குப் போகும்போது இருவரும் மூட்டையோடு வந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை சிந்தினேன். இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ரேவதி பிள்ளையின் யூனிஃபார்மைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லா கீதுக்கா” என்றாள். “வரோம்” என்றாள். போய்விட்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் பெனிட்டோ. கேட்கவில்லையே! பெற்றவளே கேட்காதபோது நீ யார் கேட்க?

உனக்கு ஊரில் எல்லோரையும் சேர்த்து வைக்க வேண்டும். குளம், ஆடு, வீடு எல்லாம் ஒன்றாக நிற்க வேண்டும். இங்கே ஒருத்தி பிள்ளையில்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தாளே, அது உன் திட்டத்தில் எங்கேயாவது இருந்ததா? ஆட்டுக்குட்டி கொடுக்கக் குழந்தை எதற்குடா?

இந்த வருடம் மட்டுமாவது விடு. எல்கேஜி முடியட்டும்.

ரோஸி


கீழ்ப்பாறை
30-6-2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பாதியில் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று எழுதினேனே, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திட்டத்தின் விதியைச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். வீட்டையும் ஆட்டையும் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு வேறு வழி உண்டு, மேலே சண்டை போட்டுக்கொள்வேன். இது வேறு.

வேம்புலியம்மாளிடம், “பெத்தவங்களே கேக்கலையே, அவங்களுக்கு சம்மதம்தானே?” என்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “இன்னா தம்பி, மூணு வருசமா எங்ககூட கீற, இது தெரியாதா? தவுட்டுக்குக் குடுத்தவங்க வாயத் தொறந்து திருப்பிக் கேக்கக் கூடாது. கேட்டா புள்ளைக்கு ஆவாது. வாங்குனவளே மனசு வந்து கொணாந்து உடணும். அது வரிக்கும் பெத்தவ பல்லக் கடிச்சிகினு கெடக்கணும்” என்றார்.

எனக்குத் தெரியாது அக்கா. தெரிந்திருந்தால் ஏப்ரலிலேயே எழுதியிருப்பேன். உன் வீட்டில் டீ குடித்தபோதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டைப் புதைத்தவள். கேட்டால் இதுவும் போய்விடும் என்று நம்புகிறாள். கேட்காமலிருந்தால் பிள்ளை எங்கேயாவது உயிரோடு இருக்குமே என்று இருக்கிறாள்.

நேற்றுக் குடும்பக் கணக்கு எடுத்தோம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, “மூணு” என்றாள். அஜித் வெளியே எழுந்து போய்விட்டான்.

முடிவு உன்னுடையது. நீ என்ன செய்தாலும் நான் உன் தம்பிதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

பெனிட்டோ


சேக்காடு
22-7-2024

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடு.

பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நீ மாவட்டக் கூட்டம் என்று போய்விட்டாய். வேண்டுமென்றேதான் போனாய் என்று எனக்குத் தெரியும். நல்லதாகப் போயிற்று. நீ அங்கே நின்றிருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

உன் மச்சான் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிக்கொண்டு வந்தவர், “தாத்தா ஊட்டுக்கு டாட்டா போறியா?” என்று அதனிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டு, “நீ போய்ட்டு வா ரோஸி, என்னால முடியாது” என்று திரும்பி நடந்தார்.

பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தது. செய்யாறு தாண்டும்போது இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். கண்டக்டர், “இன்னும் ஸ்டாப்பிங் வர்லமா, குந்து” என்றார். உட்கார்ந்தேன்.

ரேவதி என்னைத் தூரத்தில் பார்த்ததும் ஓடி வரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கிட்டே போய், “இந்தா, உன் பொண்ணு. நான் வாங்குனது போதும்” என்று மடியில் விட்டேன். அப்போதுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவிவிட்டேன்.

பிள்ளை ஆட்டுக்குட்டி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ?

இங்கே தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். “ஊருக்குப் போயிருக்குது” என்கிறேன். எவ்வளவு நாளைக்கு அப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு ரோஷினி என்னைத் தேடி அழுதாளா, பெனிட்டோ? என்னைக் கேட்கிறாளா? எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

ரோஸி


கீழ்ப்பாறை
1-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் சுகம். உனக்கும் மச்சானுக்கும் உடம்பு எப்படி? மச்சான் மறுபடி ஜாங்கிரி பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

நல்ல மழை. குளம் கரை தொட்டு நிற்கிறது. அஜித்குமாருக்கு வீடு ஒதுக்கியாகிவிட்டது, கடைக்கால் போட்டு ஜன்னல் மட்டம் வரை சுவர் எழும்பியிருக்கிறது. அவனே கல் அடுக்குகிறான். சூளையில் கற்ற கை, கொத்தனாருக்கே சொல்லிக் கொடுக்கிறான். ரேவதியின் ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. வெள்ளைக்குக் கழிச்சல் வந்து வேம்புலியம்மாள் ஏதோ தழை அரைத்துக் கொடுத்ததில் பிழைத்தது. அங்கன்வாடிக்குக் கூரை போட்டுவிட்டோம். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் திட்டம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

பெனிட்டோ


சேக்காடு
3-2-2025

அன்புத் தம்பி பெனிட்டோவுக்கு,

ஐந்து மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் கார்டில் உன் கையெழுத்து மட்டும் வந்தது. உடம்பு எப்படி? பனியில் இருமல் திரும்பியிருக்கும், கஷாயம் போட்டுக்கொள். உன் மச்சானுக்குச் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் பூந்தமல்லி பஸ் ஏறினேன். பொங்கல் முடிந்தது, லாரிகள் வந்திருக்கும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன் திட்டம் தோற்றுப் போகட்டும் என்று வழி முழுக்க ஜெபமாலை உருட்டிக்கொண்டு போனேன். குளம் வற்றட்டும், ஆடு சாகட்டும், அந்த வீட்டுக்குப் பூட்டு விழட்டும், அவர்கள் லாரி ஏறி வரட்டும் என்று மாதாவிடமே கேட்டேன். கேட்கிற வாய்க்குக் கூசவில்லையடா.

மேஸ்திரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. “வாம்மா, இன்னா இந்தப் பக்கம்? உன் சொந்தக்காரங்க யாரும் இந்த வருசம் வர்ல. அந்த ஊர்லந்தே ஒரு ஆளு வர்ல, கூப்ட்டுப் பாத்தோம்” என்றான். நம்பாமல் கொட்டகை கொட்டகையாகக் குனிந்து பார்த்தேன். வேறு எங்கேயோ இருந்து வந்த ஜனங்கள். வேறு பிள்ளைகள்.

நீ ஜெயித்துவிட்டாய் தம்பி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, உண்மையாகவே. ஆவடி வரும் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “யாருனா தவறிட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? சொன்ன பிறகு வாயில் அடித்துக்கொண்டேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஒரு பக்கம் முழுக்க ஆட்டைப் பற்றி எழுதினாய். அவள் என்னைக் கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய். கேட்கவில்லை என்று எழுத உனக்கு மனசு வரவில்லை. அல்லது தினமும் கேட்டாளோ, எழுதினால் நான் ஓடி வந்துவிடுவேன் என்று பயந்தாயோ? இரண்டில் எது என்று யோசித்து யோசித்துத்தான் இந்த ஐந்து மாதமும் போயிற்று. எது என்றாலும் என்னால் தாங்க முடியாது.

அதனால் பதில் எழுதும்போது பிள்ளையைப் பற்றி எழுதாதே. அந்த வெள்ளைக் குட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
ரோஸி